தள்ளுனது யார் சார்?

2024 ஜூலையில் ஒரு நாள், கடைசி பீரியட். பன்னிரண்டாம் வகுப்பில் லாரன்ஸ் விசை நடத்திக்கொண்டிருந்தேன். நகரும் மின்னூட்டத்தின் மேல் காந்தப்புலம் செலுத்தும் விசை எப்போதும் அதன் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். ஆகவே அந்த விசை வேலை எதுவும் செய்யாது. துகளின் பாதையை வளைக்கும்; வேகத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. கரும்பலகையில் இதை எழுதி அடிக்கோடு போட்டேன். இருபது வருடமாக இந்த இடத்தில் அடிக்கோடு போட்டு வருகிறேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த வருடம் மே மாதம் லடாக்கின் ஹான்லே ஊரில் வானம் சிவந்து கிடந்த படம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது நினைவிருக்கலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் படத்தை வகுப்பில் காட்டியவன் நான்தான். சூரியனிலிருந்து வரும் எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது, அவை காற்றில் மோதுவதால் வானம் ஒளிர்கிறது என்று விளக்கமும் சொல்லியிருந்தேன்.

"சார், காந்தப்புலம் வேலையே செய்யாதுன்னு இப்போ சொன்னீங்க. அப்போ அந்த எலக்ட்ரானுக்கு அவ்வளவு வேகம் எங்கேர்ந்து வந்துச்சு? தள்ளுனது யார் சார்?"

"சூரியன்லேர்ந்தே வேகமாத்தான் வருது" என்றேன். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், பூமிக்கு அருகில் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கேட்பதற்குப் பயங்கரமான வேகம். ஆனால் எலக்ட்ரானின் நிறை அவ்வளவு குறைவு என்பதால், அந்த வேகத்தில் போகும் ஒரு எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட் (ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல்) கூட இல்லை. சூரியக் காற்றின் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் இங்கும் அங்கும் ஓடுவதையும் சேர்த்துக்கொண்டால் பத்து எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வரும். அதே சமயம் 100 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் காற்றைத் துளைத்துக்கொண்டு இறங்கி, பச்சை ஒளியைக் கிளப்ப வேண்டுமானால் ஒரு எலக்ட்ரானுக்குப் பத்தாயிரம் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அந்த ஆற்றலில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பத்து எங்கே, பத்தாயிரம் எங்கே. நடுவில் யாரோ ஆயிரம் மடங்கு தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் தவறு.

அன்றிலிருந்து இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அரோரா எனப்படும் இந்தத் துருவ ஒளியைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் நான் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. கதையின் உயிரான பகுதி அந்த வாக்கியத்துக்குள் மறைந்து கிடக்கிறது. எலக்ட்ரான்களுக்கு அந்தக் கடைசி, பெரிய தள்ளு கிடைப்பது சூரியனில் அல்ல. பூமிக்கு மிக அருகில், நம் தலைக்கு மேல் சில ஆயிரம் கிலோமீட்டரில்.

எங்கள் தலைக்கு மேல் என்று சொல்ல முடியாது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டித்தான் போகிறது. திருநெல்வேலி அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்திருப்பதும் அதனால்தான். எங்கள் வானில் காந்தப்புலக் கோடுகள் கிடையாக ஓடுகின்றன. எலக்ட்ரான் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுருள் போட்டபடி கோட்டின் வழியேதான் போகும். கோட்டைக் குறுக்கே தாண்டுவது அதற்கு லேசில்லை. நார்வேயிலும் கனடாவிலும் அலாஸ்காவிலும் அந்தக் கோடுகள் கிணற்றில் இறங்கும் கயிறு போல ஏறக்குறைய நேராகத் தரைக்குள் இறங்குகின்றன. ஆகவே இது அவர்களின் வானத்தில் நடக்கும் கதை.

தொடக்கம் நார்வேயில். கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் என்ற இயற்பியலாளர் 1899-1900 குளிர்காலத்தை வடக்கு நார்வேயில் ஹால்டே மலையுச்சியில், கல்லால் கட்டிய ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 900 மீட்டருக்கு மேல் உயரம், சூரியனே எழாத மாதங்கள், மனிதனைத் தூக்கி எறியும் காற்று. அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் உயிரிழப்பும் நேர்ந்தது. அரோரா ஆடும்போதெல்லாம் கீழே காந்த ஊசிகள் துடித்தன. அந்தத் துடிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்த பிர்க்லாண்ட் ஒரு முடிவுக்கு வந்தார்: விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியாக மின்னோட்டம் இறங்குகிறது, அரோராவின் ஊடாகக் கிடையாகப் பாய்கிறது, மறுபடி மேலே ஏறிப் போகிறது.

அப்புறம் ஆய்வகத்துக்குத் திரும்பி ஒரு வெற்றிடப் பெட்டி செய்தார். உள்ளே காந்தம் பொதிந்த ஓர் உருண்டை, பூமியின் பொம்மை. அதன்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு துருவங்களையும் சுற்றி ஒளி வளையம் எழுந்தது. அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கிறது. ஆனால் அந்த அழகான சோதனைதான், நான் வகுப்பில் சொன்ன தவறான வாக்கியத்தின் தாயும் கூட. பிர்க்லாண்ட் தன் எலக்ட்ரான்களுக்கு ஆற்றலைப் பெட்டிக்கு வெளியே இருந்த மின்வழங்கியிலிருந்து கொடுத்துவிட்டார். சூரியன் அப்படித் தயார் நிலையில் அனுப்புவதில்லை.

இவரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் பிணைத்து உரம் செய்யும் முறையைச் சாம் ஐடே என்பவரோடு சேர்ந்து கண்டுபிடித்ததும் இதே பிர்க்லாண்ட்தான். 1905ல் தொடங்கிய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தின் பிறப்பு அதில்தான். ஒரு காலத்தில் நார்வேயின் 200 குரோனர் நோட்டில் அவர் முகம் இருந்தது. 1917ல் டோக்கியோவில் இறந்தார். விண்வெளியிலிருந்து மின்னோட்டம் இறங்குகிறது என்ற அவருடைய கருத்தை அப்போது பெரும்பாலோர் ஏற்கவில்லை. பிரிட்டனின் சிட்னி சாப்மன் போன்ற பெரிய கணிதவியலாளர்கள் மின்னோட்டமெல்லாம் மேல் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று வாதிட்டார்கள். தரையில் வைத்த கருவிகளை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பது அந்த விவாதத்தின் சோகம். 1963ல் ஏவப்பட்ட அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் ஒன்று சுமார் 1,100 கிலோமீட்டர் உயரத்தில் அரோராப் பகுதியைக் கடக்கும் போதெல்லாம் காந்தப்புலம் பக்கவாட்டில் உதறுவதைக் கண்டது. பிர்க்லாண்ட் சொன்ன செங்குத்து மின்னோட்டத்தின் சுவடு அது என்று புரிய, அவர் இறந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகியிருந்தது. இன்று அவற்றுக்குப் பெயரே பிர்க்லாண்ட் மின்னோட்டங்கள். எல்லாம் சேர்ந்தால் பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல் போகும்.

சரி, மின்னோட்டம் இருக்கிறது. தள்ளுவது யார்?

முதல் தடயம் கனடாவில் கிடைத்தது. 1958ல் அயோவா பல்கலைக்கழகத்தின் கார்ல் மெக்கில்வெய்ன், மனிடோபா மாகாணத்தில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள ஃபோர்ட் சர்ச்சிலிலிருந்து அரோராவுக்குள்ளேயே ராக்கெட்டுகளை ஏவினார். பிரகாசமான அரோரா ஒன்றை ஊடுருவிய கருவி அளந்தது இதை: கீழே பாயும் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஆற்றல் கொண்டவை. சுமார் 6,000 எலக்ட்ரான் வோல்ட்.

இது ஏன் பெரிய விஷயம்? நம் தோப்பில் பல தென்னைகளிலிருந்து, பல உயரங்களிலிருந்து தேங்காய் விழுந்தால், தரையில் மோதும் வேகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எல்லாக் காயும் ஒரே வேகத்தில் மோதினால் எல்லாம் ஒரே உயரத்திலிருந்து விழுந்தன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சூடான வாயுவில் இருந்து வரும் எலக்ட்ரான்கள் பல வேகங்களில் சிதறித்தான் வரும். ஒரே ஆற்றலோடு வருகின்றன என்றால், ஏதோ ஒரு மின்னழுத்தப் படியிலிருந்து அவை குதித்திருக்கின்றன. 6,000 வோல்ட் படியிலிருந்து இறங்கும் எலக்ட்ரானுக்கு 6,000 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். அந்த அலகின் வரையறையே அதுதான். விண்வெளியில் எங்கேயோ ஒரு படி இருக்கிறது.

இங்கேதான் இயற்பியலாளர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களின் தயக்கத்தில் நியாயம் இருந்தது. காந்தப்புலக் கோட்டின் வழியே எலக்ட்ரான் தடையின்றி ஓடக்கூடியது. செம்புக் கம்பியை விட நல்ல கடத்தி அது. ஒரு நல்ல கடத்தியின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் எப்படி நிற்கும்? மின்புலம் தலைகாட்டிய மறுநொடியே எலக்ட்ரான்கள் ஓடிவந்து அதை அழித்துவிட வேண்டும். கோட்டுக்கு இணையான மின்புலம் விண்வெளியில் இருக்கவே முடியாது என்பது பலருக்கு அப்போது பாடப்புத்தக உண்மை. இருக்க முடியும் என்று தனியாக நின்று வாதாடியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனின் ஹான்னஸ் ஆல்ஃபென்.

விடையின் சாவி, நான் அடிக்கோடு போட்ட அதே லாரன்ஸ் விசையில் இருக்கிறது. எலக்ட்ரான் பூமியை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் வலுக்கிறது. வலுக்க வலுக்க எலக்ட்ரானின் சுருள், ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றிக்கொண்டே வருகிறது. முன்னோக்கிய வேகம் குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் நின்று, எலக்ட்ரான் வந்த வழியே திரும்பிவிடும். ஆற்றல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திசை மட்டும் மாறிப்போனது. இதைக் காந்தக் கண்ணாடி என்கிறார்கள். தொலைவிலிருந்து வரும் எலக்ட்ரான்களில் ஏறக்குறைய நேராகக் கோட்டின் திசையில், ஒன்றிரண்டு டிகிரிக்குள் குறி வைத்து வருபவை மட்டும்தான் கீழே தரைதட்டும். மற்றதெல்லாம் திரும்பிப் போகும்.

இப்போது மேலே, பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்தில், ஒரு பெரிய மின்னோட்டம் இந்தக் கோட்டின் வழியே பாய்ந்தே ஆக வேண்டிய கட்டாயம். அதைச் சுமக்க வேண்டிய எலக்ட்ரான்களோ வாசலில் திரும்பிக்கொண்டிருக்கின்றன. கேட்கும் அளவுக்கு ஆள் இல்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது ஹோஸ் குழாயை மடக்கிப் பிடித்தால் மடிப்புக்கு முன்னால் அழுத்தம் ஏறுவது போல, அந்தக் குறுகலான இடத்தில் மின்னழுத்தம் ஏறுகிறது. அந்த மின்னழுத்தம் எலக்ட்ரான்களைக் கோட்டின் திசையில் இழுத்து நேராக்குகிறது. திரும்பியிருக்க வேண்டிய பலவும் இப்போது வாசலைத் தாண்டி இறங்குகின்றன. மின்னோட்டம் தேவையான அளவை எட்டும் வரைக்கும் மின்னழுத்தம் ஏறும். எவ்வளவு மின்னோட்டத்துக்கு எவ்வளவு வோல்ட் என்ற கணக்கை 1973ல் நைட் என்பவர் எழுதிவைத்தார். மின்புலம் அழியாமல் நிற்பதன் காரணம் இவ்வளவுதான்: அதை அழிக்க ஓடிவர வேண்டிய எலக்ட்ரான்கள் போதுமான அளவில் அங்கே இல்லை. அந்த உயரத்தில், சுமார் 3,000 முதல் 12,000 கிலோமீட்டர் வரைக்கும், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு எலக்ட்ரான் கூட இல்லாத அளவுக்குப் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்த வாயு, வறண்டு கிடக்கிறது.

இதை முதல்முறை புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காந்தப்புலம் வேலை செய்யாதுதான். ஆனால் அது வழியை இறுக்கிப் பிடிப்பதால்தான், வேலை செய்யும் மின்புலம் அங்கே பிறக்கிறது. மாணவியின் கேள்வியும் என் அடிக்கோடும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

படி இருக்கிறது என்பதற்கான சாட்சிகள் எழுபதுகளில் வரிசையாக வந்தன. 1971ல் ஃபிராங்க், ஆக்கர்சன் இருவரும் இன்ஜன் 5 செயற்கைக்கோளின் பதிவுகளை வெளியிட்டார்கள். வில் போல வளைந்த அரோரா ஒன்றைக் குறுக்கே கடக்கும்போது எலக்ட்ரான்களின் ஆற்றல் படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போய், மறுபடி இறங்கியது. வரைபடத்தில் அது ஓட்டு வீட்டின் கூரை முகடு போல இருக்கும். முகட்டின் நடுவில் படி உயரம், ஓரங்களில் தாழ்வு. 1976ல் ஏவிய எஸ்3-3 என்ற செயற்கைக்கோள் 8,000 கிலோமீட்டர் உயரம் வரை ஏறி, அந்த இடத்திலேயே வலுவான மின்புலங்களை அளந்தது. எல்லாவற்றையும் விட என்னை அசைத்த சாட்சி அதே செயற்கைக்கோள் கண்ட இன்னொன்று. கீழிருந்து மேல்நோக்கி ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு அயனிகள் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் ஆக்சிஜன் அயனிகளும் இருந்தன. சூரியக் காற்றில் பெரும்பகுதி ஹைட்ரஜன்; இந்த ஆக்சிஜன் நம்முடைய வளிமண்டலத்தின் சொத்து. எலக்ட்ரானைக் கீழே தள்ளும் மின்புலம், நேர்மின்னூட்டம் கொண்ட அயனியை மேலேதானே தள்ளும்! அரோரா எரியும்போதெல்லாம் பூமி தன் காற்றிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விண்வெளிக்கு எறிகிறது.

எலக்ட்ரான் கீழே இறங்கினால் மின்னோட்டம் மேலே போகிறது என்று கணக்கு. மின்னோட்டம் ஒரு பக்கம் மேலே போனால் இன்னொரு பக்கம் கீழே வர வேண்டும். அங்கே எல்லாம் தலைகீழ்: எலக்ட்ரான்கள் மேல்நோக்கி முடுக்கப்படுகின்றன. அந்த இடங்களில் ஒளி இருப்பதில்லை. ஒளிரும் திரைகளுக்கு நடுவில் கிழிசல் போலக் கருப்புப் பட்டைகள் தெரிவதுண்டு. கருப்பு அரோரா என்றே பெயர். ஐரோப்பாவின் கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி ஒரு பகுதியைக் கடந்து, அந்த மின்புலம் வளர்ந்து பின் மறைவதை அளந்தன. 2001ல் அந்த முடிவு வெளியானது. படம் பிடிப்பவர்கள் ஒளியைத் தேடுகிறார்கள். எனக்கோ அந்தக் கருப்பைத்தான் ஒருமுறை நேரில் பார்க்க ஆசை.

மின்னழுத்தப் படிதான் விடை என்று இங்கே நிறுத்திவிட்டால் இன்னொரு நேர்மையான கேள்வி மிச்சமிருக்கும். படியில் இறங்கும் எலக்ட்ரானுக்கு ஆற்றல் கிடைக்கிறது, சரி. படியை அந்த உயரத்தில் தாங்கிப் பிடித்திருப்பது எது? மின்கலம் எங்கே? நிலையான மின்புலம் தானாக ஆற்றலைப் படைக்காது. விடை பூமியின் இரவுப்பக்கத்தில், காந்தமண்டலத்தின் நீண்ட வாலில் இருக்கிறது. சூரியக் காற்று அந்த வாலை இழுத்து இழுத்து நீட்டுகிறது. ஒரு கட்டத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும் காந்தப்புலக் கோடுகள் அறுந்து புதிதாக இணைகின்றன. காந்த மறுஇணைப்பு என்று பெயர். இழுத்துவிட்ட ரப்பர் போல கோடுகள் பூமியை நோக்கிச் சுருங்குகின்றன. மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தூண்டும் என்பது ஃபாரடேயின் பாடம். எலக்ட்ரான்களுக்கு முதல் தவணை ஆற்றல் அங்கேயே கிடைக்கிறது, சில நூறு முதல் ஓராயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும். கூடவே அந்தப் பாய்ச்சல் ஒரு ஜெனரேட்டராக நின்று பிர்க்லாண்ட் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. ஜெனரேட்டர் தூரத்தில், கம்பி காந்தப்புலக் கோடு, பல்பு நம் வானம். நடுவில் கம்பி மெலிந்த இடத்தில் அந்தப் படி.

ஆனால் ஜெனரேட்டர் நிதானமாக ஓடுவதில்லை. திடீரென்று உதறுகிறது. அந்த உதறல் பூமிக்கு எப்படி வந்து சேர்கிறது?

ஆல்ஃபென் மறுபடி வருகிறார். 1942ல் அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பிளாஸ்மாவுக்குள் காந்தப்புலக் கோடு இழுத்துக் கட்டிய வீணைத் தந்தி போல நடந்துகொள்ளும், அதைச் சுண்டினால் அலை ஓடும் என்றார். முதலில் நம்பாதவர்களே அதிகம். 1970ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இந்த ஆல்ஃபென் அலைகள்தான் வாலில் நடக்கும் உதறலைச் சுமந்து பூமிக்குக் கொண்டுவருகின்றன. புலம் வலுவாகவும் பிளாஸ்மா மெலிந்தும் இருக்கும் இடங்களில் அவற்றின் வேகம் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர், சில உயரங்களில் பல பத்தாயிரம்.

சாதாரண ஆல்ஃபென் அலையில் கோட்டுக்கு இணையான மின்புலம் கிடையாது. அலை குறுக்குவாட்டில் மிக மெல்லியதாக, ஒரு சில கிலோமீட்டர் அளவுக்கோ அதற்கும் கீழேயோ சுருங்கும்போது நிலைமை மாறுகிறது. அலையின் மின்னோட்டத்தைச் சுமக்க எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அவ்வளவு மெல்லிய பட்டைக்குள் அவ்வளவு வேகமாக ஓட எலக்ட்ரானின் சின்ன நிறை கூடச் சுமையாகிவிடும். அந்தத் தயக்கத்தை ஈடுகட்ட அலைக்குள் இணை மின்புலம் ஒன்று எழுகிறது. அந்த மின்புலம் அலையோடு கூடவே நகர்கிறது.

நகரும் மின்புலம் எலக்ட்ரானை எப்படி முடுக்கும் என்று 2024 கடைசியில் அதே வகுப்பில் ஒருநாள் விளக்க முயன்றேன். பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டிருந்தேன். அலை, கட்டம், ஒத்திசைவு என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"கட்டுமரம் கரைக்கு வர்ற மாதிரியா சார்? அப்பா சொல்வாங்க, அலை பின்னாடி எழும்பும்போது துடுப்பை வேகமா போட்டு அலையோட வேகத்துக்கு வந்துரணும். சும்மா இருந்தா அலை நம்மள மேலே தூக்கி, கீழே விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும். வேகத்துக்கு வந்துட்டா, அது கொண்டுபோய்க் கரையில வச்சிரும்."

அதேதான். அப்படியே அதேதான். சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவ் 1946ல் கணக்காக எழுதியதும் இதுவே. மிக மெதுவான எலக்ட்ரானை அலை தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும், மொத்தத்தில் லாபமில்லை. அலையின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் எலக்ட்ரானை அலை பின்னாலிருந்து தள்ளும். சற்று அதிகமாக ஓடுவது அலையின் மேல் ஏறி மோதித் தன் ஆற்றலை இழக்கும். பிளாஸ்மாவில் மெதுவான எலக்ட்ரான்கள் எப்போதும் அதிகம், வேகமானவை குறைவு. ஆகவே கூட்டிக் கழித்தால் அலை மெலியும், எலக்ட்ரான்கள் ஆற்றல் பெறும். அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்க அவள்தான் பாடம் நடத்தினாள். பின் பெஞ்சில் இருந்த பையன்கள் எங்கள் கரையில் அலை உடையும் இடங்களையெல்லாம் சொல்லிச் சொல்லி வாதாடினார்கள்.

அரோராவில் இது நடக்கிறது என்பதற்குச் செயற்கைக்கோள் சாட்சிகள் நிறைய சேர்ந்திருந்தன. 1996ல் ஏவிய ஃபாஸ்ட் செயற்கைக்கோள், அரோரா வளையத்தின் துருவ ஓரத்தில், ஆல்ஃபென் அலைகள் அடிக்கும் இடங்களில், எல்லா ஆற்றல்களிலும் பரவிக் கிடக்கும் எலக்ட்ரான் கற்றைகளைப் பலமுறை கண்டது. மெக்கில்வெய்ன் கண்ட ஒரே உயரத்துத் தேங்காய்களைப் போல அல்ல இவை. ஆனால் செயற்கைக்கோள் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போய்விடும். அலை ஆற்றலை இழப்பதையும் எலக்ட்ரான் அதைப் பெறுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க அதனால் முடியாது. அதற்காக ஒரு குழு அரோராவையே ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 20 மீட்டர் நீளப் பிளாஸ்மா இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஆல்ஃபென் அலைகளைக் கிளப்பி, அலையின் வேகத்தை ஒட்டி ஓடும் மிகச் சில எலக்ட்ரான்களை மட்டும் பிரித்து அளந்து, அவை அலையிடமிருந்து ஆற்றல் பெறுவதைக் காட்டினார்கள். 2021 ஜூனில் முடிவு வெளியானது. பிர்க்லாண்ட் பெட்டிக்குள் பொம்மைப் பூமியை வைத்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து, இந்தமுறை தள்ளுபவரையும் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள்.

அந்தக் குழுவில் ஒருவர் அயோவா பல்கலைக்கழகத்தின் கிரெய்க் கிளெட்சிங். வான் ஆலன் கதிர்ப்பட்டைகளைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலனின் பல்கலைக்கழகம் அது. மெக்கில்வெய்னும் ஃபிராங்கும் அங்கே வளர்ந்தவர்கள்தான். காந்த மறுஇணைப்பை ஆராயும் டிரேசர்ஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்துக்குக் கிளெட்சிங் தலைமை ஏற்றார். 2025 ஜூலையில் அவை விண்ணுக்குப் போனபோது அவர் உயிரோடு இல்லை, 2023லேயே இறந்துவிட்டார். ஏவுதலின் காணொளியை நான் நேரலையில் பார்த்தேன். பிர்க்லாண்ட் நினைவுக்கு வந்தார்.

வியாழனைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஜூனோ விண்கலம் 4 லட்சம் வோல்ட் உயரப் படியைக் கண்டது. பூமியின் படிகளோடு ஒப்பிட்டால் பத்து முப்பது மடங்கு. இருந்தும் வியாழனின் மிகப் பிரகாசமான அரோராக்களுக்கு ஆற்றல் அந்தப் படிகளிலிருந்து வரவில்லை, பல ஆற்றல்களில் சிதறிய எலக்ட்ரான்களிலிருந்துதான் வருகிறது என்று 2017ல் அறிவித்தார்கள். படியா அலையா என்ற வழக்கு ஒவ்வொரு கோளிலும் வேறு மாதிரி தீர்கிறது.

கடைசியாக ஹான்லே. இத்தனையும் படித்த பிறகுதான், நான் வகுப்பில் காட்டிய அந்தப் படமே இந்தக் கதையைச் சேர்ந்தது அல்ல என்பது எனக்கு உறைத்தது. 2024 மே 10 இரவு லடாக்கில் பதிவான அந்தச் சிவப்பை நிலையான செவ்வொளி வில் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அதில் எலக்ட்ரான்கள் மேலிருந்து எறியப்படுவதில்லை. காந்தப் புயலின்போது பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தின் வெப்பம் காந்தப்புலக் கோடுகள் வழியே மெல்லக் கீழே கசிகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏற்கெனவே அங்கே இருக்கும் எலக்ட்ரான்கள் சில ஆயிரம் டிகிரிக்குச் சூடாகின்றன. அவ்வளவுதான். தள்ளல் இல்லை, சூடேற்றல் மட்டும்.

அந்தப் பெண் இப்போது நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் படிக்கிறாள். போன வாரம் போன் செய்து இதைச் சொன்னேன். உனக்குக் காட்டிய படம் வேறு, சொன்ன கதை வேறு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கடல் இரைச்சல் கேட்டது; வீட்டுக்கு வந்திருந்தாள் போல.

"ஆக்சிஜன்ல சிவப்புக்கு எவ்வளவு வேணும் சார்?"

"1.97 எலக்ட்ரான் வோல்ட்."

"பச்சைக்கு?"

"4.19."

"சில ஆயிரம் டிகிரின்னா சராசரி அரை எலக்ட்ரான் வோல்ட் பக்கம்தானே வரும். ரெண்டைத் தாண்டுற எலக்ட்ரானே கொஞ்சம்தான் இருக்கும். நாலைத் தாண்டுறது இருக்கவே இருக்காது. அதனாலதான் அந்தப் படத்துல பச்சையே இல்லையா?"

ஆமாம் என்றேன்.